மைனஸ் அரை டிகிரி

மார்ச் 2

அரை டிகிரி அம்மாளுக்கு,

நாலு மாதத்துக்குப் பிறகு தபால்காரர் இன்று கணவாயைத் தாண்டி வந்து சேர்ந்தார். இடுப்பளவு பனியில் இரண்டு நாள் நடந்திருக்கிறார். பை நிறைய ஊருக்கெல்லாம் கடிதம். எனக்கு மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து மழைமானியைத் துடைப்பது எப்படி என்று ஒரு சுற்றறிக்கை. "உங்களுக்கு வேற எதுவும் இல்லீங்க" என்று அவர் இழுத்த இழுப்பைப் பார்த்தால், பாவம் இவருக்கு நாமே ஒன்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று வழியிலேயே யோசித்திருப்பார் போலிருந்தது. இனி வாரம் ஒரு தடவை போய் வருவாராம். சரி, முதலில் நாமே இறங்கி வருவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டியதில்லை. உனக்கு ஜலதோஷம். தினமும் காலை எட்டு மணிக்கு நான் இங்கிருந்து வயர்லெஸ்ஸில் எண்களைச் சொல்கிறேன், நீ அங்கே குறித்துக்கொண்டு "குறிச்சாச்சு, நன்றி" என்கிறாய். அந்த இரண்டு வார்த்தையிலேயே மூக்கடைப்பு தெரிகிறது. பதினாலு நிலையமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற லைன். சொந்தப் பேச்சு கூடாது என்று விதி வேறு. இல்லாவிட்டால் ஆவி பிடிக்கச் சொல்லியிருப்பேன். காற்றின் வேகத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நீ எழுதி அனுப்பும் முன்னறிவிப்பை வழக்கம்போல் பேக்கரி சுவரில் ஒட்டுகிறேன். "பள்ளத்தாக்கில் நிலையற்ற வானிலை. காலையில் வெயில், பிற்பகலில் மழை அல்லது ஆலங்கட்டி, இரவில் உறைபனிக்கு வாய்ப்பு." மூன்று வாரமாக இதேதான். பேக்கரிக்காரர் நேற்று என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, உங்க வீட்டம்மா எல்லாத்தையும் போட்டுடறாங்களே, பூகம்பம் மட்டும்தான் பாக்கி. ஏதாவது ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்க. எங்க வீட்டுல துணி காயப்போடறதா வேண்டாமான்னு தினம் சண்டை." நான் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. மாசி பங்குனிக்கே புத்தி அப்படித்தான், அவள் என்ன செய்வாள் என்றேன்.

உன் பச்சை ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. அவசரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று நினைக்கிறேன். வேண்டுமென்றே விட்டுப் போனாய் என்றும் சில நாள் நினைத்துக்கொள்கிறேன்.

நிலையப் பொறுப்பாளர்
(வீட்டுக்கும்தான்)

*

மார்ச் 9

நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஜலதோஷம் போய்விட்டது.

வானிலை நிலையற்றதாக இருந்தால் நிலையற்றது என்றுதான் எழுத முடியும். பேக்கரிக்காரருக்காக வெயிலை வரவழைக்க முடியாது. துணியைக் காலையில் காயப்போட்டு மதியத்துக்குள் எடுத்துவிடச் சொல்லுங்கள். இதற்கு எதற்கு வீட்டில் சண்டை?

நீங்கள் எதுவுமே நடக்காத மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. பதினோரு வருஷம் அந்த நிலையத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தோம். தலைமை அலுவலகத்தில் இரண்டு இடம் காலி என்று அறிவிப்பு வந்தபோது இரண்டு விண்ணப்பத்தையும் உட்கார்ந்து நிரப்பியது நான். என்னுடையதில் நான் கையெழுத்துப் போட்டேன். உங்களுடையதை நீங்கள் இழுப்பறையில் போட்டு மூடிவிட்டு, "போறதுன்னா நீ போ, நான் இந்த மலையை விட்டு எங்கயும் வரல" என்றீர்கள். கோபத்தில் சொன்னது என்று அதையாவது விட்டுவிடுவேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நீங்கள் வராததை விட முடியவில்லை. "எட்டு மணிக்கு ரீடிங் இருக்கு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். பனிக்காலத்துக்கு முந்தைய கடைசி பஸ் அது. கிளம்பியது எட்டரைக்கு. ரீடிங் எடுக்க ஏழு நிமிஷம். அங்கிருந்து நிறுத்தத்துக்கு நடக்க நாலு நிமிஷம். எனக்கா கணக்குத் தெரியாது? எட்டு இருபத்தொன்பது வரைக்கும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் இரண்டு தடவை ஏறச் சொன்னார்.

இங்கே என் அறை மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். வானிலை எழுதுகிறவளுக்கு வானம் தெரியாத அறை. வெளியே மழையா என்று பார்க்க மூன்று மாடி இறங்க வேண்டியிருக்கிறது. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அறைக்கு வந்து கதவைத் திறந்தால் யாரும் "என்ன, இன்னிக்கு எத்தனை டிகிரி கோபம்?" என்று கேட்பதில்லை.

ஸ்வெட்டரைத் துவைத்துவிடாதீர்கள். சுருங்கிவிடும்.

இப்படிக்கு,
முன்னறிவிப்புப் பிரிவு

*

மார்ச் 16

அரை டிகிரி அம்மாளுக்கு,

திட்டு வாங்கியாகிவிட்டது. வயிறு நிறைந்த மாதிரிதான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. நாலு மாதம் வெறும் "நன்றி"யோடு இருந்தவனுக்கு இது விருந்து.

பஸ் விஷயம் ரீடிங்தான். அதை இப்போது விடு.

நல்ல சமாசாரம் ஒன்று இருக்கிறது. நீயே குறித்துக்கொண்டு வருகிறாய், தெரிந்திருக்கும். நம் நிலையத்தில் இரவுக் குளிர் நேற்றோடு நாலு நாளாகப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவில்லை. இன்னும் மூன்று இரவு இப்படியே போனால் ஏழு ஆகிவிடும். ஏழு இரவு ஆனால் மலைச்சாலையில் தண்ணீர் உறையவில்லை என்று கணக்கு வைத்து, சாலைத் துறை பஸ் விட்டுவிடும். ஊரே என்னிடம் வந்து "இன்னிக்கு எத்தனைங்க?" என்று கேட்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல் பஸ்ஸில் உனக்கு ஓர் இடம் போட்டுவிடு. லீவு கேள். பத்து நாள் போதும், ஐந்து நாள் கொடுத்தாலும் வா. சண்டை போட வேண்டியிருந்தால் நேரில் வந்து போடு. இந்த இரண்டு அறையில் நான் பேசுவது எனக்கே திரும்பி வருகிறது. போன வாரம் தெர்மாமீட்டரிடம் "தள்ளிக்கோ" என்று சொல்லியிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லாதே.

உனக்காக ஒழுங்காகச் சவரம்கூடச் செய்துகொள்ள ஆரம்பித்துவிட்டேன். இன்று காலை முற்றத்துப் பீப்பாயில் தண்ணீர் எடுக்கப் போனால் மேலே விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. அகப்பைக் காம்பால் நாலு குத்துக் குத்தி உடைத்துத்தான் எடுத்தேன். முகத்தில் பட்டதும் உன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் நீ வந்துவிட்டாய் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

வந்துவிடு.

பொறுப்பாளர்

*

மார்ச் 19

என்னங்க,

மேலே ஆலங்கட்டி மழை என்று தபால்காரர் இந்த வாரம் இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் கடிதத்துக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

நேற்று பழைய பதிவேடுகளை எடுத்து அடுக்கச் சொன்னார்கள். நம் நிலையத்துப் பதிவேட்டைப் புரட்டினேன். பதினோரு வருஷத்து எட்டு மணிக் கட்டங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் எண் இருக்கிறது, கூரை பறந்த நாளிலும் இருக்கிறது. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. நான் பஸ் ஏறிய நாள்.

அன்றைக்கு நீங்கள் ரீடிங்கே எடுக்கவில்லை. அப்படியென்றால் அந்த அரை மணி நேரம் எங்கேதான் இருந்தீர்கள்? அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரி வந்து ஏதாவது பிழையா என்று கேட்டார். இல்லை, இது ஒன்றுதான் சரியாக இருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

ஏழு இரவு முடிந்துவிட்டது. நாளை சாலைத் துறை ஜீப் சோதித்துப் பார்க்கப் போகிறது. இருபத்திரண்டாம் தேதி முதல் பஸ். இடம் போட்டுவிட்டேன். லீவு பத்து நாள் கிடைத்திருக்கிறது.

மார்ச் 23

மேலே எழுதியதை அடிக்கவில்லை. அதை எழுதியவள் உண்மையாகத்தான் எழுதினாள்.

இருபதாம் தேதி அந்த ஜீப் ஒன்பதாவது வளைவில் வழுக்கிப் பாறையில் மோதியது. ஓட்டுநருக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. பஸ்ஸைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சாலை முழுக்கக் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்ததாம். மறுநாள் சாலைப் பொறியாளர் என் மேசைக்கே வந்து, "உங்க நிலையம் பிளஸ் ரெண்டுன்னுதானே சொல்லிச்சு?" என்றார். அந்த நிலையத்து எண் தப்பாக இருக்காது என்றேன். பதினோரு வருஷமாக எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொன்னேன்.

நேற்றுத்தான் உங்கள் கடிதம் வந்தது. பதினாறாம் தேதி காலை. பீப்பாயில் விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. பதினாறாம் தேதி எட்டு மணிக்கு நீங்கள் வயர்லெஸ்ஸில் சொன்னதும் நான் என் கையால் எழுதியதும் பிளஸ் இரண்டு.

இன்று காலை என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். என் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாதே.

"குறைந்தபட்சம் பிளஸ் ஒண்ணு" என்றீர்கள். "நிலையம், திரும்பச் சொல்லுங்க" என்றேன். "பிளஸ் ஒண்ணு." "இன்னொரு தடவை." பதினாலு நிலையமும் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. உங்கள் மூச்சு கேட்டது. பிறகு "மைனஸ் ரெண்டு" என்றீர்கள். இத்தனை மெல்லிய குரலில் நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. நான் "குறிச்சாச்சு" என்றேன். நன்றி சொல்ல வரவில்லை.

மேலதிகாரியிடம் போய், அந்த நிலையத்தின் பன்னிரண்டு நாள் கணக்கு செல்லாது என்றேன். கருவியில் கோளாறா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அவரே வழி எடுத்துக் கொடுத்தார். "கருவி சரியாத்தான் இருக்கு சார். என் வீட்டுக்காரர் தப்பாச் சொல்லியிருக்கார்" என்றேன். என் இடத்தையும் ரத்து செய்துவிட்டேன். பஸ் எப்போது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

எதற்காகச் செய்தீர்கள் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் இன்னும் வயிறு எரிகிறது. அந்த பஸ்ஸில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். நானும் இருந்திருப்பேன்.

உங்களால் எழுத முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக இருந்தால் எனக்குப் புரியும். பொய் எண் இருந்தால், இருநூறு கிலோமீட்டருக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு உங்களை நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

*

மார்ச் 30

உனக்கு,

விளையாட்டுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

நீ சொன்னது எல்லாம் சரி. முதல் நாள் நிஜமாகவே பிளஸ் அரை இருந்தது. இரண்டாம் நாள் மைனஸ் ஒன்று. எண்ணத் தொடங்கியது ஒரே நாளில் போய்விட்டதே என்று இருந்தது. வாயைத் திறந்தபோது பிளஸ் ஒன்று என்று வந்துவிட்டது. நீ "குறிச்சாச்சு, நன்றி" என்றாய். அன்றைக்குக் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியாது. மறுநாளும் அதைக் கேட்க வேண்டும் போலிருந்தது. சாலையில் வெயில் நன்றாக விழும், நம் கருவிப் பெட்டி நிழலில் இருக்கிறது, அங்கே இவ்வளவு குளிர் இருக்காது என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். நீ பஸ்ஸில் வருவாய் என்று மட்டும் நினைத்தேன். அந்த பஸ் ஒன்பதாவது வளைவில் திரும்ப வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

ஓட்டுநரை இங்கேதான் சின்ன ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாம் நாள் உள்ளே போனேன். கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்கதான் ரெண்டு டிகிரியா?" என்றார். ஆமாம் என்றேன். "உக்காருங்க. இந்த ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடுங்க, ஒரு கையால முடியல." தடவிக் கொடுத்தேன். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. தினமும் காலை போய்த் தடவிக் கொடுக்கிறேன்.

ஊரில் எனக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது. அரை டிகிரியைக்கூட விடாமல் எழுதுகிறாய் என்று உனக்கு அந்தப் பெயரை வைத்தவனுக்கு இது வேண்டும். பேக்கரிக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முன்னறிவிப்பை அவரே வாங்கி அவரே ஒட்டுகிறார். தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். கடுமையாக எச்சரித்து இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்துக்கு வர வேறு யாரும் தயாராக இல்லை போலிருக்கிறது.

அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றிக் கேட்டாய். பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் உன் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, போகாதே என்று எல்லார் எதிரிலும் கெஞ்சியிருப்பேன். நீயும் இருந்திருப்பாய். பிறகு ஆயுசுக்கும் அந்த வேலையை நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்திருப்பாய். அதனால் கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்து பன்னிரண்டு வளைவும் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் பஸ் மறைந்து மறைந்து போனது. பன்னிரண்டாவதில் மறைந்த பிறகு குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தேன். எண் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை.

இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெரியவில்லை.

*

ஏப்ரல் 21

என்னங்க,

மூன்று வாரமாக உங்களுக்கு நான் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். பாதி அதுதான். மீதி, எட்டு மணிக்கு உங்கள் குரல் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைனஸ் மூன்று, மைனஸ் ஒன்றரை, மைனஸ் ஒன்று. இந்த வசந்தகாலம் உங்களைப் பழிவாங்குகிற மாதிரி ஊருக்குள் வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தது. "நிலையற்ற வானிலை" என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. பிறகு பதினாலாம் தேதியிலிருந்து மேலே ஏறியது. பிளஸ் அரை. பிளஸ் ஒன்று. ஆறு இரவு. இங்கே என் மேசையைச் சுற்றி எல்லாரும் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். பொறியாளரும் வந்து நின்றார். நான் மறுபடி இடம் போடவில்லை, பயமாக இருந்தது. பெட்டியை மட்டும் பரணிலிருந்து இறக்கி வைத்தேன்.

நேற்று ஏழாவது நாள். லைன் திறந்ததும் நீங்கள் உடனே சொல்லவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பூஜ்யம் என்று சொல்லிவிடுங்களேன் என்று தோன்றியது. கடவுளே, எனக்கே தோன்றியது. அப்போதுதான் நீங்கள் எதில் மாட்டிக்கொண்டீர்கள் என்று புரிந்தது.

"குறைந்தபட்சம், மைனஸ் அரை" என்றீர்கள்.

பொறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரை டிகிரிதானேம்மா" என்றுகூட ஒருவர் சொன்னார். நான் எழுதினேன். மைனஸ், பூஜ்யம், புள்ளி, ஐந்து. எழுதி முடித்து "குறிச்சாச்சு" என்றேன். அதற்கப்புறம் "நன்றி" என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. பதினாலு நிலையமும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. பரவாயில்லை. பெட்டியைப் பரணில் திரும்ப ஏற்றவில்லை.

ஓட்டுநருக்கு இப்போது எப்படி இருக்கிறது?

*

ஏப்ரல் 29

அரை டிகிரி அம்மாளுக்கு,

ஓட்டுநர் இரண்டு கையாலும் வெண்ணெய் தடவிக்கொள்கிறார். ஆனாலும் காலையில் நான் போகாவிட்டால் "எங்கே ரெண்டு டிகிரியைக் காணோம்?" என்று நர்ஸிடம் கேட்கிறாராம். பேக்கரிக்காரரும் நேற்று வாயைத் திறந்தார். "நிஜமாவே ஏழு ஆயிடுச்சா, இல்ல..." என்று இழுத்தார். கையோடு அவரை அழைத்துப் போய்க் கருவிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஐந்து நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சின்னச் சின்னக் கோடா இருக்கே" என்றார்.

ஆம், ஏழு. ஒவ்வொன்றும் நீயே எழுதியது. ஜீப்பும் நேற்று பத்திரமாகப் போய் வந்துவிட்டது. முதல் பஸ் மூன்றாம் தேதி காலையில் இங்கே இறங்கும் என்று வயர்லெஸ்ஸில் நீயே படித்தாய். அதைப் படிக்கும்போது நடுவில் ஒரு தடவை இருமினாய். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். தபால்காரர் இதோ கிளம்பி வாசலில் நிற்கிறார். நீ பஸ் ஏறுவதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிடும்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இழுப்பறையிலிருந்து அந்த விண்ணப்பத்தை எடுத்தேன். உன் கையெழுத்தில் என் பெயர், என் பிறந்த தேதி, மூக்குக்கு இடப்பக்கம் இருக்கிற மச்சம்கூட எழுதியிருக்கிறாய். அந்த இன்னோர் இடம் அங்கே இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். அனுப்பவில்லை. ஜன்னலைத் திறந்தால் சுவர் என்கிறாய், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ வந்து பத்து நாள் இரு. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட்டு அனுப்புவோமா வேண்டாமா என்று பேசலாம். கத்தாமல் பேசப் பார்க்கிறேன்.

பஸ் எட்டு மணிக்கு வருகிறது. எட்டு மணிக்கு லைனில் நம் நிலையத்தைக் கூப்பிடுவார்கள். பதில் வராது. தலைமை அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன், சொந்தக் காரணம் என்று. எழுத முடியாத நாளில் காலியாக விடச் சொன்னாய் அல்லவா, அந்தக் கட்டத்தை அன்றைக்குக் காலியாக விடுகிறேன்.

நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். ஏழு மணிக்கே போய்விடுவேன்.

அன்றைக்கு உன் முன்னறிவிப்புப்படி நிலையற்ற வானிலை. மேல் வளைவுகளில் குளிர் அதிகமாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வராதே. பச்சை ஸ்வெட்டரை நான் கையில் கொண்டு வருகிறேன். துவைக்கவில்லை.